நம்பப்படாத கடிதங்கள்

அன்புள்ள சார்,

உங்களைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது.

எங்கள் மகளுக்கு இப்போது முப்பத்தொரு வயது. பதினைந்து வயதில் கையை மீறிப் போனாள். பள்ளிக்குப் போகமாட்டாள், ராத்திரி ஜன்னல் வழியாக வெளியே போவாள், ஒரு முறை கையை வெட்டிக்கொண்டாள். ஆலோசகர் ஒருவர் சொல்லி, யூட்டா மாநிலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துத் திருத்தும் ஒரு பள்ளிக்கு அனுப்பினோம். கூட்டிப்போக அவர்களே ஆள் அனுப்பினார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வந்தார்கள். நானும் என் கணவரும் மாடிப்படியில் நின்றோம். பதினான்கு மாதம் அங்கே இருந்தாள். வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கிக் கட்டணம் கட்டினோம். திரும்பி வந்தவள் அமைதியாக இருந்தாள், படித்தாள், இன்று நல்ல வேலையில் இருக்கிறாள்.

போன வருடத்திலிருந்து அங்கே நடந்ததைப் பேச ஆரம்பித்திருக்கிறாள். வாரக்கணக்கில் யாருடனும் பேசக்கூடாது என்று வைத்தார்களாம். சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்களாம். பெரிய ஆட்கள் தரையில் போட்டு அழுத்திப் பிடித்தார்களாம். அடுத்த மாதம் ஒரு பாட்காஸ்டில் சொந்தப் பெயரில் பேசப்போகிறாள். "இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதினேனே" என்கிறாள். எழுதினாள், உண்மைதான். ஆனால் அப்படி எழுதுவாள், நம்பாதீர்கள் என்று முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

இத்தனை வருடம் கழித்துப் பேசி என்ன பயன்? நினைவு எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டாதா? அன்று அனுப்பாமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாளா என்று அவள் யோசிக்க வேண்டாமா? மகனுக்குப் பெண் பார்க்கிறோம். தமிழ்ச் சங்கத்தில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? இதைப் பற்றிப் படிக்க ஏதாவது சொல்ல முடியுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை மற்றக் கடிதங்களோடு வரிசையில் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் சொல்வதைப் பெரியவர்கள் எந்த இடத்தில் நம்பாமல் விடுகிறார்கள் என்பது சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் பழைய விடுதித் தோழன் ஒருவனைப் பார்த்ததிலிருந்து அப்படி. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. கையை வெட்டிக்கொண்ட மகள், அடுத்து என்ன ஆகுமோ என்று தூங்காத ராத்திரிகள், கூட வந்து இருக்க அம்மாவோ அக்காவோ இல்லாத ஊர். அந்த நேரத்தில் தன்மையாகப் பேசும் ஒருவர் வந்து "எங்களிடம் விடுங்கள், மீட்டுத் தருகிறோம்" என்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும். அனுப்பியதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் இன்று நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்காகத் திட்டப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் கல்யாணப் பேச்சை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவோம். தான் பட்டதை அக்கா வெளியே சொன்னாள் என்பதற்காகத் தம்பியை வேண்டாம் என்கிற வீட்டில் அவன் பெண் எடுக்கவே வேண்டாம். தமிழ்ச் சங்கத்துக்கும் அதே பதில்தான்.

அனுப்பாமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாளா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. உங்களிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. அந்தப் பள்ளியால் பிழைத்தோம் என்று மனதாரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் பேசட்டும். ஆனால் நடக்காத ஒன்றைக் காட்டி, நடந்ததைச் சொல்லாதே என்று ஒருத்தியின் வாயை அடைப்பது நியாயமே இல்லை.

சரி, "இத்தனை வருடம் கழித்து" என்பதற்கு வருகிறேன். இந்த வார்த்தை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் இத்தனை வருடமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே ஊரில் இருந்து படிக்கிற பலருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1958-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் சார்லஸ் டெடெரிக் என்பவர் போதை அடிமைகளுக்காக சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களுடைய முக்கியமான சிகிச்சை ஒன்று உண்டு. வட்டமாக உட்கார்ந்து, ஒருவரை நடுவில் வைத்து, மற்றவர்கள் எல்லோரும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஆளை உடைத்தால்தான் திரும்பக் கட்ட முடியும் என்பது நம்பிக்கை. பிற்காலத்தில் அந்த அமைப்பு எங்கே போய் நின்றது தெரியுமா? 1978-ல், தங்களுக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞரின் தபால் பெட்டிக்குள், சத்தம் எழுப்பி எச்சரிக்கும் வால் கிலுகிலுப்பையை வெட்டிய விஷப்பாம்பைப் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே அந்த முறை பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டது. 1967-ல் கலிபோர்னியாவில் சீடு (CEDU) என்ற பள்ளி. 1970-ல் ஃபுளோரிடாவில் தி சீட் (The Seed) என்ற வேறொரு அமைப்பு. அதே வருடம் மெய்ன் மாநிலத்தில் ஏலான் பள்ளி. 1976-ல் மறுபடி ஃபுளோரிடாவில் ஸ்ட்ரெய்ட். ஒன்றில் இருந்தவர்களே அடுத்ததைத் தொடங்கினார்கள், அல்லது அங்கே வேலைக்குப் போனார்கள். பிறகு யூட்டாவில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ஜமைக்காவிலும் மெக்சிகோவிலும்கூட கிளைகள் வைத்தார்கள்.

இப்போது பேசியவர்களின் கணக்கைப் பாருங்கள். 1974-லேயே அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று தி சீட் நடத்திய முறையை, கொரியப் போரில் கைதிகளுக்கு வடகொரியர்கள் செய்த மூளைச்சலவையோடு ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தது. ஒரு கல்லூரி மாணவர் தன்னை விருப்பமில்லாமல் அடைத்து வைத்தார்கள் என்று ஸ்ட்ரெய்ட் மேல் வழக்குப் போட்டார். 1983-ல் ஜூரி 2,20,000 டாலர் கொடுக்கச் சொன்னது. இரண்டே வருடத்தில், 1985-ல், அதே ஸ்ட்ரெய்டின் வர்ஜீனியா கிளைக்கு அதிபரின் மனைவி நான்சி ரீகன் இளவரசி டயானாவையே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பையன் நீதிமன்றத்தில் ஏறிச் சொன்னது இவ்வளவுதான் எடுபட்டது. 2007-ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் விசாரித்தது. 2005 ஒரே வருடத்தில் 33 மாநிலங்களில் இத்தகைய இல்லங்களின் ஊழியர்கள் 1,619 பேர் துன்புறுத்தல் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்று எழுதியது. பத்துச் சாவுகளை எடுத்து விவரமாக ஆராய்ந்தது. அதை வைத்து ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். 2008-ல் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது.

பிறகு 2020-ல், ஹில்டன் ஹோட்டல் குடும்பத்தில் பிறந்த பிரபலம் பாரிஸ் ஹில்டன், தன்னைப் பற்றிய ஆவணப்படத்தில் பேசினார். பதின்வயதில் நடு ராத்திரி படுக்கையிலிருந்து இரண்டு ஆண்கள் தூக்கிப்போனது, கடைசியாக யூட்டாவில் ஒரு பள்ளியில் மாதக்கணக்கில் இருந்தது எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பேசியது நல்ல காரியம், அந்தப் பெண்மணி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கல்லூரி மாணவர் வழக்கு ஜெயித்து முப்பத்தேழு வருடம் கழித்து, பணமும் புகழும் உள்ள ஒருவர் வாய் திறந்த பிறகுதான் மற்றப் பிள்ளைகள் சொன்னது உண்மை என்று ஆயிற்று. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் பேசியவர்களா, கேட்காதவர்களா?

இந்தப் பேச்சால் பயன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏலான் பள்ளி 2011-ல் மூடப்பட்டபோது, இணையத்தில் தங்களைத் தாக்கி எழுதுகிறார்கள், பிள்ளைகள் சேர்வது குறைந்துவிட்டது என்று அதன் உரிமையாளரே காரணம் சொன்னார். எழுதியவர்கள் அங்கே அடிபட்டு வளர்ந்த பழைய மாணவர்கள். நாற்பது வருடம் நடந்த ஒன்றை அவர்கள் பேசியது இழுத்து மூடவைத்தது. உங்கள் மகள் இருந்த யூட்டாவில் 2021-ல் சட்டம் வந்தது. ஆளை அழுத்திப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு, வருடத்துக்கு நான்கு முறை ஆய்வு, அப்புறம் இன்னொன்று: பிள்ளை வாரம் ஒரு முறை, யாரும் ஒட்டுக்கேட்காமல், குடும்பத்தோடு பேச விட வேண்டும்.

அந்தக் கடைசி விதியைப் படித்தபோது வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. எம்., பெற்ற தாயிடம் பிள்ளை தனியாகப் பேசுவதற்குச் சட்டசபையில் சட்டம் போட வேண்டியிருந்திருக்கிறது. அதுவரை பேச விடவில்லை என்றுதானே அர்த்தம்? உங்கள் மகள் அங்கே இருந்தது அந்தச் சட்டத்துக்கு முன். அவளோடு நீங்கள் போனில் பேசியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? கேட்டீர்களா? இன்று வரை கேட்டிருக்கிறீர்களா?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. "அப்படி எழுதுவாள், நம்பாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்." அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் சிகிச்சை வேலை செய்கிறது. கொடுமைப்படுத்துகிறார்கள் என்று எழுதினால் அது பொய், ஆகவே இன்னும் சிகிச்சை தேவை. இரண்டில் எதை எழுதினாலும் மாதக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். உண்மை வெளியே வர ஒரு பொந்துகூட இல்லாமல் அடைத்துவிட்டு, அடைத்த வேலையையும் உங்கள் கையாலேயே செய்யவைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்தச் சிறையிலும் கைதியின் அம்மாவைப் பிடித்து, உன் பிள்ளை சொல்வதை நீயே நம்பாதே என்று பயிற்சி கொடுப்பதில்லை.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1994-ல் யூட்டா பாலைவனத்தில், ஆளில்லாத வெளியில் நடக்கவைத்துத் திருத்தும் முகாம் ஒன்றில், 16 வயதுப் பையன் வயிறு வலிக்கிறது, வலிக்கிறது என்று நாள்கணக்கில் சொன்னான். நடிக்கிறான் என்றார்கள். வயிற்றுப் புண் ஓட்டையாகி, உள்ளே சீழ் பரவி இறந்துபோனான். நம்பி அனுப்பிவைத்த அவன் அப்பா 2007-ல் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னார். 2020-ல் மிச்சிகனில் இன்னொரு 16 வயதுப் பையன். சாப்பாட்டு அறையில் சாண்ட்விச் துண்டை எறிந்தான் என்பதற்காக ஊழியர்கள் கூட்டமாக அவன் மேல் படுத்து அழுத்தினார்கள். இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் செத்தான். நடிப்பு, நாடகம், சாக்கு. இந்த வார்த்தைகள்தான் அங்கே பிள்ளைகளைக் கொன்றன.

நினைவு பெரிதாக்குமா என்று கேட்டீர்கள். சின்ன விவரங்கள் மாறலாம். மூன்று வாரமா நான்கு வாரமா என்பதில் தவறு வரலாம். ஆனால் 1980-களில் ஃபுளோரிடாவில் இருந்தவரும், 2000-ங்களில் ஜமைக்காவில் இருந்தவரும், உங்கள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. மூன்று பேரும் ஒரே மாதிரி விஷயங்களைச் சொல்கிறார்கள். பேச்சுத் தடை. வட்டத்தில் நிற்கவைத்து ஏசுவது. படிப்படியாக நிலை ஏறினால்தான் வீட்டுக்குப் போன் பேசலாம் என்ற கணக்கு. தரையில் அழுத்திப் பிடிப்பது. இத்தனை பேருக்கும் ஒரே மாதிரிப் பொய் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் நடந்திருக்கும். அந்த வட்டத்தில் பிள்ளைகள் தங்கள் பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் நிலை ஏறும். ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லாத பிள்ளை இட்டுக்கட்டும். செய்யாத தப்பை, குடிக்காத போதையை, நினைக்காத நினைப்பை அழுதுகொண்டே சொல்லும். எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். உண்மையைச் சொன்னால் தண்டனை, பொய்யைச் சொன்னால் அணைப்பு. பதினைந்து வயதில் பதினான்கு மாதம் இதைப் பழகிய பெண்ணுக்குத் தன் வாயிலிருந்து வருவதைத் தானே நம்ப எத்தனை வருடம் ஆகும்? திரும்பி வந்தபோது அமைதியாக இருந்தாள் என்கிறீர்கள். அந்த அமைதியை அவர்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைக் குணமானதாக எடுத்துக்கொண்டீர்கள்.

விடுதித் தோழனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே.

நான் படித்தது தெற்கே ஒரு விடுதிப் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். நீல நிற இன்லேண்ட் லெட்டர். எழுதி, ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒட்டுவார். அதனால் எல்லோர் கடிதமும் ஒன்றுபோலவே இருக்கும். நலம், நலமறிய ஆவல். நன்றாகப் படிக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. என் அம்மா அந்தக் கடிதங்களைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள்.

என் பக்கத்துப் பாய்க்காரன் சாத்தூர் பக்கத்துக் கிராமம். அவன் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. ஒரு நாள் படிப்பு நேரத்தில் தூங்கினான் என்று வார்டன் காதோடு சேர்த்து அறைந்தார். ரெண்டு நாளில் காதிலிருந்து சீழ் வர ஆரம்பித்தது. பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவான், நாற்றம் எங்களுக்கே அடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கடிதத்தில் எழுதிவிட்டான். வார்டன் படித்தார், கிழித்தார், புது இன்லேண்ட் எடுத்துக் கொடுத்து வழக்கமான நாலு வரியை எழுதச் சொன்னார். எழுதினான். அடுத்த வாரம் சுவர் ஏறிக் குதித்து, ரோட்டில் போன லாரியை நிறுத்தி, வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில் அவன் அப்பாவே கூட்டிவந்தார். நாங்கள் பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். வராந்தாவில் நின்று வார்டனிடம் சொன்னார்: "படிக்கப் பிடிக்காம சாக்குச் சொல்லுதான் சார். கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க. நான் ஏன்னு கேக்கமாட்டேன்." கெட்ட மனிதர் இல்லை அவர். கடன் வாங்கிப் படிக்கவைத்தவர். விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போனால் எனக்கும் சேர்த்துச் சீவல் வாங்கி வைத்திருப்பார்.

அவனைத்தான் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இரும்புக் கடை வைத்திருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். பந்தியில் உட்காரும்போது என்னை வலது பக்கத்துக்கு மாறி உட்காரச் சொன்னான். இடது காது அன்றோடு போய்விட்டது. அவன் சொன்னான்: "அப்பா சாகுற வரைக்கும் எனக்குக் காது கேக்கலங்கிறத ஒத்துக்கவே இல்லடா. கூப்பிட்டா காதுல வாங்க மாட்டேங்கான், திமிரு புடிச்சவன்னுதான் எல்லார்ட்டயும் சொல்வாரு." நீ எடுத்துச் சொல்லியிருக்கலாமே, டாக்டர் சீட்டைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தான். "அதான் அன்னைக்கே ஒரு தடவ சொன்னேன்ல" என்றான். அப்புறம் பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

எங்கள் விடுதியையும் உங்கள் மகள் இருந்த இடத்தையும் நான் ஒன்றாக்கவில்லை. எங்களுக்குத் தீபாவளி இருந்தது, பொங்கல் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் நம் பாஷை பேசும் லாரிக்காரர் இருந்தார். அந்த முகாம்களில் ஓடிவிடக்கூடாது என்று ராத்திரியில் செருப்பைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் சொன்னது உங்கள் மகளுக்கும் பொருந்தும். "ஏன் இத்தனை வருடம் கழித்து" என்று கேட்கிறீர்களே, அவள் பதினைந்து வயதிலேயே, சுடச்சுட, கைப்பட எழுதிச் சொன்னாள். அம்மா அப்பாவுக்குத்தான் முதலில் சொன்னாள். ஊருக்குச் சொல்லவில்லை, பாட்காஸ்டுக்குப் போகவில்லை. நீங்கள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தீர்கள். இப்போது அவள் செய்வது அதே விஷயத்தை இரண்டாவது தடவை சொல்வது. அவனைப் போல ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். மறுபடி சொல்லிப் பார்க்கலாம் என்று உங்கள் பெண்ணுக்கு இன்னும் தோன்றுகிறது. உங்கள் மேல் இன்னும் ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதை எப்படித் தடுப்பது என்று என்னிடம் வழி கேட்கிறீர்கள்!

அவளிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல ஒன்றும் இல்லை அம்மா. கேளுங்கள். அவள் பேசும்போது "எங்கள் நிலைமையில் இருந்து பார்" என்று நடுவில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் நிலைமை அவளுக்குத் தெரியும், மாடிப்படியில் நீங்கள் நின்றதை அவளும் பார்த்திருப்பாள். உங்கள் கணவரையும் உட்காரவையுங்கள். கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். இந்த மாதிரி விஷயத்தில் அப்பாக்கள் எல்லாவற்றையும் அம்மா தலையில் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் டிவி பார்ப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றால் நல்லது.

சட்டம் வந்துவிட்டதே, இனி எதற்குப் பேச்சு என்றும் யாராவது உங்களிடம் சொல்லலாம். 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு வனமுகாமுக்குக் கொண்டுவரப்பட்ட 12 வயதுப் பையன் மறுநாள் காலையில் செத்துக் கிடந்தான். அந்த வருடம் டிசம்பரில்தான் இந்த இல்லங்களை நாடு முழுக்க ஆராய்வதற்கான சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்துப் போட்டார். அது ஆராய்வதற்கான சட்டம், அவ்வளவுதான். இன்னும் நிறையப் பேர் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர்களும் பேச வேண்டும். பிள்ளை படிக்கவில்லை, சொல் பேச்சுக் கேட்கவில்லை என்ற பயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் இன்றைக்கும் டெக்சாஸில் இருக்கும், அதே போன்ற ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கும். உங்கள் மகள் பேசுவது அந்த அம்மாவின் காதில் விழட்டும்.

படிக்க என்ன என்று கேட்டீர்கள். கதைப் புத்தகம் எதுவும் வேண்டாம். 2007 தணிக்கை அறிக்கையும், 2024 ஜூனில் செனட்டின் நிதிக் குழு வெளியிட்ட அறிக்கையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அரசாங்க ஆங்கிலம்தான், ஆனால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. ராத்திரியில் படிக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவள் எழுதியிருந்தாள் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் அந்தக் கடிதங்கள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. மற்றக் காகிதங்களும் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அவளைக் கூட்டிப்போக வந்தவர்களுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம், மாதாமாதம் கட்டிய பணத்தின் ரசீது, அங்கிருந்து வந்த அறிக்கைகள், கொடுத்த மாத்திரைகளின் விவரம், பெற்றோருக்கான கையேடு. பிள்ளை சொல்வதை நம்பாதீர்கள் என்ற அறிவுரை அந்தக் கையேட்டிலேயே அச்சாகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்று அவள் மைனர். இவை எல்லாமே உங்கள் பெயரில் உங்கள் விலாசத்துக்கு வந்தவை. இப்படிப்பட்ட இடங்கள் பேர் மாறும், கைமாறும், மூடிவிட்டுப் போகும். அவள் போய்க் கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பாட்காஸ்டில் பேசுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, அவளிடம் கொடுத்துவிடுங்கள். எதையும் படித்துப் பார்த்து இது வேண்டாம், அது வேண்டாம் என்று பிரிக்காதீர்கள். வேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அசல் அவளிடம் இருக்கட்டும்.

அன்புடன்